செல்வி பாடிய தாலாட்டு

நேற்று தில்லி லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில் செல்வியைப் பார்த்தேன். நேரில் இல்லை, போஸ்டரில். தலை நிறையப் பூ, கையில் மைக், 'தமிழ் கிராமியப் பாடகி' என்று ஹிந்தியில் பெரிய எழுத்து. கிராமமாம். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தண்டவாளத்தை ஒட்டிய ஜுக்கிக் குடிசையில். பெருமையில் நின்றேன் பாருங்கள், என் பஸ் போயே போய்விட்டது.

பக்கத்தில் ஒருவர் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்தாலே எனக்கு நாங்கள் முன்பு குடியிருந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடி ஞாபகம்தான். குளிர்கால வெயிலில் கடலை உரித்தபடி பெண்கள் ஊர்வம்பு பேசும் இடம். என் வளைகாப்பும் அங்கேதான் நடந்தது.

எங்கள் வீட்டில் வேலை பார்த்த அஞ்சலைக்கு விழுப்புரம் பக்கம். அவள் மகள்தான் செல்வி. மாடிப்படி கழுவிக்கொண்டே அவள் பாடினால் நான் ஆபீசுக்கு லேட்டாகிவிடுவேன். காலனிப் பொங்கல் விழா மேடை அப்போது என் மாமியார் கையில். அதில் ஏறிப் பாட வேண்டும் என்று செல்விக்குக் கொள்ளை ஆசை. "மொதல்ல வளைகாப்புல பாடட்டும், பாக்கலாம்" என்றார் மாமியார்.

வளைகாப்பன்று, "தாலாட்டு ஒண்ணு பாடு செல்வி" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல். இரண்டாவது அடியில்தான் எல்லோருக்கும் உறைத்தது. அது ஒப்பாரி. கை நிறைய வளையலோடு நான் உட்கார்ந்திருக்க, புருஷனைப் பறிகொடுத்தவள் அழும் பாட்டு.

"நிறுத்து. நல்ல காரியத்துல பாடற பாட்டா இது?" என்றார் மாமியார்.

செல்வி மிரண்டுபோனாள். "தாலாட்டுதானே ஆன்ட்டி? அம்மா ரோஜ் ராத்திரி இதப் பாடித்தானே என்னத் தூங்க வெப்பாங்க?"

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டட வேலையில் சாரம் சரிந்து அவள் புருஷன் போனபோது செல்வி கைக்குழந்தை. அவளை மடியில் போட்டுக்கொண்டுதான் அஞ்சலை அழுதிருக்கிறாள். தில்லியில் பிறந்த பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. அம்மா மடியில் கேட்டதைத் தாலாட்டு என்றே நினைத்துவிட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "பாதியில நிறுத்தினாதான் ஆகாது, அத்தை. முழுசாப் பாடட்டும்" என்றேன். அப்படி ஒரு சாஸ்திரமும் கிடையாது, நானே அளந்துவிட்டதுதான். மாமியார் நம்பிவிட்டார். பாட்டு முடிந்தபோது அதிகம் மூக்கைச் சிந்தியவரும் அவர்தான். பொங்கல் மேடையில் செல்வியை ஏற்றிவிட்டார், பாட்டை முன்கூட்டியே தன்னிடம் பாடிக்காட்ட வேண்டும் என்ற கண்டிஷனோடு. அன்று என் வயிற்றில் இருந்தவன் இன்றும் வெயில் ஏறாமல் எழுந்திருக்க மாட்டான். தாலாட்டு நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

அங்கிருந்து ரேடியோ, கல்லூரி விழாக்கள், ஊர் ஊராகக் கச்சேரி. அர்த்தம் புரிந்த பிறகும் செல்வி அதைத் தாலாட்டு என்று சொல்லித்தான் பாடினாள். அவளுக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்தப் பாட்டுதான்.

இப்போது அந்த மொட்டை மாடி இல்லை, குவார்ட்டர்ஸை இடித்துக் கோபுரம் கோபுரமாகக் கட்டிவிட்டார்கள். மாமியாரும் இல்லை. போன குளிரில் அஞ்சலையும் போய்விட்டாள். வந்திருந்த பெண்கள் "வாய்விட்டு அழுடி" என்று செல்வியை உலுக்கினார்கள். அவள் அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்து, தோளைத் தட்டிக்கொடுத்தபடி, மெல்ல அந்தப் பாட்டைப் பாடினாள்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் எந்த மேடையிலும் அவள் அதைப் பாடுவதில்லை.