அப்பண்டிஸ் கட்டிலில் மல்லிகைப்பூ

பெண்கள் வார்டில் டெட்டால் வாடைதான் அடிக்க வேண்டும். அன்று காலை கல்யாண மண்டப வாசம் அடித்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். யாருக்கு வளைகாப்பு என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வார்டுக்குள் பூ கூடாது என்று தொண்டை கிழியக் கத்துகிறவளே நான்தான். அப்போதுதான் டூட்டிக்கு வந்திருந்தேன். வாசம் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை.

தேடிப் போனால் ஓரத்துக் கட்டில். கரிவலம்வந்தநல்லூர் சண்முகத்தாய். முந்தின நாள் காலையில் அவளுக்கு அப்பண்டிஸ் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுக்க ராஜபாளையத்திலிருந்து மயக்க டாக்டர் வந்து போயிருந்தார். அவளுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. அது வராந்தாவில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் புருஷன் முருகையா, பஜாரில் பூக்கடை வைத்திருப்பவர், சங்கில் பசும்பால் புகட்டப் பார்த்தார். பிள்ளை அதை அவர் சட்டையிலேயே துப்பியது.

தையலைப் பார்க்கப் போர்வையை விலக்கினேன். தலையில் ஒரு பூ இல்லை. மார்பில் மல்லிகையைச் சரம் சரமாகச் சுற்றி, மேலே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. பால்குடி மறக்கடிக்க, பால் வற்ற எங்கள் பக்கத்தில் செய்யும் கைவைத்தியம் அது. இரண்டு நாள் விட்டால் பால் போயே போய்விடும்.

முருகையாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். மயக்க மருந்து பாலில் இறங்கிப் பிள்ளையும் மயங்கிவிடும் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். பயந்துபோன மனுஷன், சாயங்காலம் கடையிலிருந்து பூ அள்ளி வந்து பெண்டாட்டியைக் கட்டச் சொல்லியிருக்கிறார். அதுவும் முதல் தரப் பூ என்று அதில் ஒரு பெருமை வேறு.

"மூணு நாள் கழிச்சு அவுத்துட்டா பால் வந்துரும்லா சிஸ்டர்?"

"அது என்ன தெருக்குழாயா அண்ணாச்சி, நெனச்சா அடைக்க, நெனச்சா தெறக்க?"

டாக்டரம்மாவுக்குக் கோபம். நன்றாகத் தெளிந்து, பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க முடிந்தால் உடனே கொடுக்கலாம், பீய்ச்சிக் கொட்டக்கூட வேண்டாம், வலி மாத்திரையும் பால் கொடுப்பவளுக்கு ஆகிறதாகப் பார்த்துத்தான் எழுதினேன், இத்தனையும் நேற்றே சொன்னேனே என்றார். யாரிடம்? சண்முகத்தாயிடம். எப்போது? தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தள்ளி வரும்போது. அவளும் சரிங்கம்மா என்றாளாம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதி மயக்கத்தில் கிடப்பவளிடம் வீட்டை எழுதிக் கொடு என்றாலும் சரிங்கம்மா என்றுதான் சொல்வாள். டாக்டரம்மா முகத்துக்கு நேரே சிரிக்க முடியுமா? ட்ரேயைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

சண்முகத்தாய் சிரிக்கவில்லை. மார் கனத்து வலிக்க, பிள்ளை அழுவது காதில் விழ, கொடுத்தால் அதற்கு ஆபத்து என்று நம்பி ராத்திரி பூராவும் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் அவள். அந்த நேரம் பார்த்து முருகையா, இவள் முழுசாகத் தெளிந்துவிட்டாள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். கல்யாணப் பந்தியில் அவர் அக்கா சொன்ன சொல்லில் தொடங்கி, இவள் பிரசவ வலியில் துடித்தபோது அவர் ஆடித்தபசுத் திருவிழாவில் பூ வியாபாரம் பார்த்தது வரைக்கும், ஒன்று விடவில்லை.

"தெளிஞ்சிட்டாம்மா, நல்லாவே தெளிஞ்சிட்டா," என்று முருகையாவே கும்பிட்டார்.

பூவை அவிழ்த்துப் பிள்ளையைக் கொடுத்தோம். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. மறுபடி வைத்தோம். மறுபடியும் அதேதான். திட்டித் தீர்த்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"எம்பிள்ள என்னய மறந்துட்டான் சிஸ்டர்."

மறக்கவில்லை, மல்லிகை வாசத்தில் அவனுக்குத் தாய் வாசம் தெரியவில்லை என்றேன். பூ வாசம் போக வெந்நீரில் துடைத்துவிட்டு, வேறு சேலை மாற்றினேன். தையலில் உதைபடாமல் வயிற்றுக்குத் தலையணை வைத்து, பிள்ளையைக் கக்கத்துப் பக்கமாக இடுக்கிப் பிடிக்கச் சொன்னேன். அவள் கண்ணசந்தால் பிடித்துக்கொள்ள முருகையாவைப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். பிள்ளை முகர்ந்து பார்த்தான், சிணுங்கினான், பிறகு கவ்வினான். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். இனிமேல் இந்த விஷயத்தை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும், தாய்க்காரிக்குப் புருஷனைத் திட்டும் அளவுக்குத் தெளிவு வந்தபின் இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்றார். ரிட்டயர் ஆகும்வரை நான் அப்படித்தான் செய்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை பால் வாயோடு தூங்கியிருந்தான். முருகையா வெளிறிப்போய் எழுந்து நின்றார்.

"சிஸ்டர், பிள்ள மயங்கிட்டான்."

நான் வாயைத் திறக்குமுன் சண்முகத்தாய் முந்திக்கொண்டாள்.

"வயிறு நெறஞ்சா தூங்கத்தான செய்வான். மத்தியானம் சோத்தத் தின்னுட்டு நீங்க கடையில வாயப் பொளந்து கெடக்கியளே, அது எந்த டாக்டர் போட்ட ஊசி?"