இரண்டரை மணி ரயிலுக்கு ஏற்ற படிப்பு

எண்பதுகளின் நடுவில் பிளஸ் டூ முடித்த எனக்கு ஒரே ஓர் ஆசைதான். கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும். அப்பாவோடு கரும்பு வண்டியில் சர்க்கரை ஆலைக்குப் போனபோது, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயில் கரும்புச் சாற்றை ஊற்றி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் அப்பா முகம் சுளித்தார்.

"நம்ம கரும்பு மட்டம்னு சொல்றானே, அவன் வேலையா உனக்கு வோணும்?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் கிடையாது. கரும்பும் மல்லாட்டைக் கடலையும் போட்டவர்களுக்கு எல்லாப் படிப்பும் ஒன்றுதான். பெண்பிள்ளை பொழுதோடு வீடு திரும்பினால் போதும். திண்டிவனத்தில் இடம் கிடைக்காமல் விழுப்புரத்துக்குப் போனோம். மதிப்பெண்ணைப் பார்த்த பேராசிரியர், "கெமிஸ்ட்ரியே தரலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து ரயில் நேரம் எழுதிய துண்டுச் சீட்டை எடுத்தார்.

"அது எத்தினி மணிக்கு வுடுவாங்க சார்?"

"லேப் இருக்கிற நாள்ல நாலு மணி ஆகும்."

"பாசஞ்சர் ரெண்டரைக்குங்க. அதை வுட்டா ராத்திரிதான். ஒரு மணிக்கு வுடுறது எதுனா இருக்குதுங்களா?"

வரலாறு இருந்தது. "அதையே போடுங்க" என்றார் அப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "கூட்டத்துல இடிபட்டுக்கினு ஒண்ணும் வர வேணாம்" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பாழாய்ப்போன பாசஞ்சர் ஒரு நாளாவது இரண்டரைக்கு வந்ததா? மூன்றரை, நான்கு, நாலரை. ஒன்றரை மணிக்கே போய் நடைமேடையில் குந்தியிருப்பேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நாலரைக்கு வண்டி வந்தது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, கெமிஸ்ட்ரி மாணவி, ஓடிவந்து என் பெட்டியிலேயே ஏறினாள். தாவணியில் ஆசிட் பட்டு ஒரு ஓட்டை. "நல்ல வேளை, வண்டி லேட்டு" என்று மூச்சு வாங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அப்பாவிடம் கத்தினேன். "லேப் முடிச்ச பொண்ணும் இதே வண்டியிலதாம்பா வருது!"

அப்பா நிம்மதியாகச் சொன்னார்:

"அப்ப உனக்குத் துணைக்கு ஆள் இருக்குது."

மூன்று வருஷமும் அந்தத் துணையோடுதான் வீடு வந்தேன், அவள் தாவணி ஓட்டைகளை எண்ணிக்கொண்டு.