புரட்டாசியில் வந்த மத்தி

கடல் மீன் கெடாமல் இருக்க உப்புத் தண்ணீர் போதும், ஐஸ் எதற்கு என்று நினைத்த ஆள் ஒருவன் சோமனூரில் இருந்தான். அது நான்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு மீனைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால், என் வெட்கத்தையும் சேர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு நாலு விசைத்தறி. படிப்பு எட்டாவதோடு சரி. மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் அறிவியல் வாத்தியார் ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் உயிரைக் கொண்டுவந்து காட்டி, மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்பா அம்மாவும் வந்து கேட்கலாம். கோழி, மண்புழு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் மற்ற பிள்ளைகள் முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். கடல் மீன் ஒன்றுதான் மிச்சம். அது என் மகளிடம் வந்து சேர்ந்தது.

அவளோ வாயே திறக்காத பிள்ளை. வகுப்பில் பேர் கூப்பிட்டால் அவள் "உள்ளேன் ஐயா" என்பது பக்கத்துப் பிள்ளைக்கே கேட்காது. போன வருசம் ஆண்டு விழாவில் நாலு வரி சொல்லப் போய், ஒரு வரியோடு அழுதுகொண்டே இறங்கி வந்தாள். இந்தத் தடவையும் அப்படி ஆனால் இனி எந்த மேடையிலும் ஏற மாட்டாள் என்று எனக்குப் பயம். "மீன் என்ர பொறுப்பு கண்ணு. பேசறது உன்ர பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். புரட்டாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டை ஓடுகூட வாசப்படி தாண்டாது.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா?" என்றாள் என் வீட்டுக்காரி. "புரட்டாசில மீனு! அதுவும் ஊட்டுக்குள்ள!"

"திங்கறதுக்கு இல்ல அம்மணி. பாடத்துக்கு."

"இது பாடம், இது கொழம்புன்னு மூக்குக்குத் தெரியுங்களா?"



மறுநாள் மீன்காரரைப் பார்க்கப் போனேன். பாலக்காட்டுக்காரர். மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தினமும் பத்து மணிக்கு மேல் எங்கள் ஊருக்கு வருவார். புரட்டாசி என்பதால் அவரைச் சுற்றி ஈயைத் தவிர வேறு கூட்டமில்லை. பேச ஆள் கிடைத்ததில் மனிதருக்கு ஏக சந்தோசம்.

"இது மத்தியாக்கும், அண்ணா. மழைக் காலத்துல முட்டையிடும். மழை கழிஞ்சா நல்லாத் தின்னு உடம்பெல்லாம் எண்ணெய் வச்சுக்கும். இப்பத்தான் இதுக்கு நல்ல ருசி. உங்க ஆளுங்க இந்த மாசமாப் பாத்து விரதம் இருக்காங்களே, என்னத்தச் சொல்ல!"

நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டேன். மத்தி கரையோரமாக, மேல் தண்ணீரில் கூட்டம் கூட்டமாகப் போகும். கூட்டம் பெரிதாக இருந்தால் அந்த இடத்தில் கடலின் நிறமே மாறித் தெரியும். அதன் முட்டை மூழ்காமல் மிதக்கும். ஒரு நாளிலேயே பொரிந்துவிடும். ஆயுசு இரண்டு மூன்று வருசம்தான். "அப்ப என்னத்தங்க திங்கும்?" என்று கேட்டேன். அவர் ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மெல்லிசாக ஒரு முள் வரிசை, சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருந்தது. வாயைத் திறந்துகொண்டே நீந்துமாம். உள்ளே வரும் தண்ணீர் செவுள் வழியாக வெளியே போய்விடும். தண்ணீரில் இருக்கும் பாசித் தூளும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் சீப்பில் தங்கிவிடும். அதுதான் சாப்பாடு.

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. பூச்சியை மறந்துவிட்டுப் பாசியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மணி, மத்தி பாசி திங்கற மீனு. சைவம்!"

அவள் மாவு ஆட்டுவதை நிறுத்தவே இல்லை. "ஆடுகூடத்தான் தழை திங்குது. அதுக்காவ ஆட்டுக்கறி சைவமாயிருங்களா?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மீன் வீட்டுக்குள் வராது, தறிகள் ஓடும் குடோனில் இருக்கும். பேசும் நாளுக்கு முதல் நாளே அதை வாங்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு, மீன்காரர் வருவது பத்துக்கு மேல். நல்லதாக மூன்று மத்தி எடுத்துக் கொடுத்து, ஒரு கட்டி ஐஸும் வைத்து, "ஐஸ் தீர்ந்தா வேற வாங்கி வைங்கண்ணா" என்றார்.

இங்கேதான் நான் யோசித்தேன். கடலில் ஐஸ் ஏது? உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீனுக்கு உப்புத் தண்ணீர்தானே வீடு? கடல் மீன் என்று எங்கள் வீட்டில் சமைத்ததெல்லாம் சந்தைக் கருவாடுதான். அது மாதக்கணக்கில் கெடாமல் உப்புக் கரித்துக்கொண்டு கிடக்கும். போதாததற்கு எங்கள் போர்வெல் தண்ணீரே பாதிக் கடல். சோப்புப் போட்டால் நுரை வராது. அதில் ஒரு வாளி பிடித்து, கல் உப்பு இரண்டு கை போட்டு, மீனை விட்டேன். ஐஸைத் தூக்கி வாசலில் வீசினேன். "இனி அதுக்குத் தாய் ஊட்டுக்குப் போன மாதிரி இருக்கும் கண்ணு" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

தறிக்குடோனில் காற்றடித்தால் இழை அறுந்துபோகும். அதனால் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்போம். மறுநாள் காலையில், என்னிடம் தறி ஓட்டுகிறவர் கதவைத் திறந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏனுங்ணா, பாவு நூலுக்குள்ள எலி செத்துக் கெடக்குதுங்களா?"

"எலி இல்லீங்க. மீனு."

"எத்தன வண்டிங்க?"

மகளும் நானும் வாளிக்குள் எட்டிப் பார்த்தோம். மூன்று மத்தியும் கூழாகியிருந்தன. கண் வெளுத்து, வயிறு உடைந்து, தூக்கினால் சதை கையோடு வந்தது.

"நான் என்னத்தக் காட்டிப் பேசறதுங்கப்பா?"

எனக்குத் தறிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. "லீவு போட்டுர்லாம் கண்ணு" என்றேன். ஒரு அப்பன் சொல்லக்கூடாத வார்த்தை. அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீருக்கு மேலே ரசத்தில் மிதப்பது போல எண்ணெய் மிதந்தது. அடியில் செதில்கள் ஜிகினாத் துண்டு மாதிரி மின்னின.

"ஒரு கண்ணாடி பாட்டில் குடுங்கப்பா" என்றாள். அதில் எண்ணெயோடு தண்ணீரை மொண்டு இறுக்கி மூடினாள். செதில்களைக் கழுவிக் காகிதத்தில் ஒட்டினாள். பிறகு மூலையைக் கை காட்டினாள். "அந்தப் பழைய அச்சையும் எடுங்கப்பா."

அச்சு என்பது தறியில் பாவு நூல்களை இழை இழையாகப் பிரித்து நிறுத்தும் இரும்புச் சீப்பு. பல் வளைந்து போனதால் ஓரமாகப் போட்டு வைத்திருந்தேன். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. துடைத்து எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

பள்ளிக்கூடத்தில் நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மகள் மேடையேறினாள். பாட்டிலையும் அச்சையும் மேசையில் வைத்தாள், தள்ளி வைத்தாள், மறுபடி கிட்ட வைத்தாள். தலைமை ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார்.

"மீன் எங்கம்மா?"

"செத்துப்போச்சுங்க சார்."

"வாங்கும்போதே செத்ததுதானே?"

"ஆமாங்க சார். எங்கப்பா அதுக்கு மேலயும் சாகடிச்சுப்போட்டாருங்க."

மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்தது. தூண் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்திருக்கலாம். ஆனால் சிரிப்பைக் கேட்டதும் மகளும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

"கடல் மீன் உப்புத் தண்ணியத்தான் குடிக்கும். ஆனா வேண்டாத உப்பச் செவுள் வழியா வெளிய தள்ளிரும். அதனால அதோட கறி உப்புக் கரிக்காது. இது எங்கப்பாவுக்குத் தெரியாதுங்க" என்றாள். அன்று காலையில் வாத்தியாரிடம் கேட்டு வைத்துக்கொண்டாளாம்; எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாட்டிலைத் தூக்கிக் காட்டி, மழைக்குப் பிறகு மத்தி சேர்த்து வைக்கும் எண்ணெய் இதுதான் என்றாள். பிறகு பள்ளிக்கூடத்து வாளித் தண்ணீரில், கையோடு கொண்டுவந்திருந்த தறிப் பஞ்சைப் பிய்த்துப் போட்டுக் கலக்கி, அதை அச்சின் மேல் ஊற்றினாள். தண்ணீர் கீழே ஓடியது. பஞ்செல்லாம் அச்சுப் பல்லில் தங்கிவிட்டது. "மத்தி இப்பிடித்தானுங்க சாப்பிடும்" என்றாள். ஒரு மீனும் இல்லாமல் அத்தனை பேருக்கும் மீன் தெரிந்தது. அந்த அச்சை நான் வருசக்கணக்கில் கையில் பிடித்தவன். எனக்கு அது தோன்றவில்லை.

ஐந்து நிமிடம் முடிந்து மணி அடித்தார்கள். அவள் இறங்கவில்லை. இரண்டாவது மணிக்குத்தான் இறங்கினாள்.

தறிக்குடோனில் நாற்றம் போக நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் தறி ஓட்டுகிறவர் என்னை "கடல்காரரே" என்றுதான் கூப்பிட்டார். புரட்டாசி கடைசி நாள், வீட்டுக்காரி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, மழைக்கு அப்பறம் அந்த மீனுக்கு எண்ணெ ஏறும்னியே. ஐப்பசி பொறந்தாலும் இருக்குமா, வத்திப்போயிருமா?"

"இருக்கும்மா."

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வாங்கியாங்க. ஐஸோட வாங்கியாங்க. உப்பு மட்டும் நானே போட்டுக்கறேன்."