பெட்ரோல் மூடிக்குள் ஒரு ஸ்டிக்கர்

கார் வைத்திருக்கும் மனிதர்கள்மேல் பாலிஷ் அக்காவுக்கு மரியாதை போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. பழைய கார்களை வாங்கி விற்கும் அந்த யார்டில் அவள் வேலைக்குச் சேர்ந்தும் பதினாறு வருடம்தான். விற்பனைக்கு வரும் வண்டியை உள்ளும் புறமும் கழுவித் துடைத்துப் புதுசு மாதிரி ஆக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் கையை விட்டால் என்ன கிடைக்கும் என்று மட்டும் அவளைக் கேட்டுவிடக் கூடாது, சொல்லிவிடுவாள். வெட்டிப் போட்ட நகம், மென்று ஒட்டிய பபிள்கம், குழந்தை கக்கிக் காய்ந்துபோனது, ஒருமுறை யாருடைய வாயிலிருந்தோ வந்த பாதிப் பல்செட். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி மூக்கைச் சுளிப்பாள். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். "என் பஸ்ஸுக்குள்ள ஒரு நாள் ஏறிப் பாரு, உன் வண்டியெல்லாம் சென்ட் பாட்டில்னு சொல்லுவே" என்பார். சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள்.

முதலாளி விவகாரம் அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியது இல்லை. தேன் தடவிப் பேசியே ஓட்டை வண்டியை அடுத்தவர் தலையில் கட்டுகிற ஆள். ஒருநாள் டர்போ இன்ஜின் வைத்த சிவப்புக் கார் ஒன்று யார்டுக்கு வந்தது. லேசாக மிதித்தாலே சீறிப் பாயும். வந்தவர்கள் எல்லாரும் ஆசையாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பெட்ரோல் மூடியைத் திறந்ததும் முகம் மாறியது. மூடியின் உட்பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்: 'பிரீமியம் பெட்ரோல் மட்டும்'. விலை கூடின பெட்ரோலை யார் தினமும் ஊற்றுவது என்று மூன்று பேர் நழுவிவிட்டார்கள்.

"அக்கா, அதைப் பிச்சு எடுத்துடுங்க" என்றார் முதலாளி.

"எதை சார்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரிக் கேக்காதீங்க."

"சாதா பெட்ரோல் போட்டா இந்த இன்ஜின் தாங்காதே சார். டக்டக்குனு அடிக்க ஆரம்பிச்சிடும்."

"அடிக்கட்டும். நம்மளையா அடிக்கப் போவுது?"

வண்டியோடு வந்த கையேட்டை அவர் ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தார். அக்கா ஹேர் டிரையரால் சூடு காட்டி, நகத்தால் நெம்பி, ஸ்டிக்கரை உரித்தாள். ஒட்டியிருந்த பசையைத் தின்னர் தொட்டுத் துடைத்தாள். அவள் வேலையில் சுத்தத்துக்குக் குறைவே இருக்காது. அன்றைக்கு அந்தச் சுத்தமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அதே வாரம் லிப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவர் மனைவியோடு வந்தார். கதவைத் திறப்பதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, "அக்கா, இதுக்கு சாதா பெட்ரோல் போதும்ல?" என்று கேட்டார்.

"தாராளமா!" என்றார் முதலாளி, வாய் கூசாமல். இன்ஜினுக்கு ஆறு மாத உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தாள்.

நான்காம் மாதம் சிவப்புக் கார் லாரியில் ஏறித் திரும்பி வந்தது. மேட்டில் ஏறும்போதெல்லாம் இன்ஜின் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் பிஸ்டன் உடைந்துவிட்டது. உத்தரவாதப்படி முதலாளிதான் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஆனால் அதே தாளின் அடியில், வண்டிக்குச் சொல்லப்பட்ட பெட்ரோலைப் போடாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மறுநாள் காலையில் முதலாளி அக்காவின் கையில் புது ஸ்டிக்கர் ஒன்றைத் திணித்தார்.

"அவர் வர்றதுக்குள்ள ஒட்டிடுங்க. பழசாத் தெரியணும். கொஞ்சம் அழுக்குத் தேச்சு விடுங்க."

அழுக்கை எடுக்கத்தான் அவளுக்குச் சம்பளம். அழுக்கைத் தேய்க்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. இந்த வயதில் வெளியே போனால் யார் வேலை கொடுப்பார்கள் என்று யோசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள், டயர் மண்ணை விரலில் எடுத்துத் தேய்த்தாள்.

லிப்ட்காரர் கோபமாகத்தான் வந்தார். முதலாளி மூடியைத் திறந்து காட்டினார். அந்த மனிதர் குனிந்தார், படித்தார், மறுபடியும் படித்தார்.

"நாலு மாசமா நான்தானே தொறக்கறேன்... என் கண்ணுல படவே இல்லையே."

"கண்ணை எங்க அடகு வெச்சீங்க?" என்றாள் மனைவி.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பு என் மேலதான் சார். போன்ல என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல, மனுஷன்தானே" என்று முதலாளி அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். தட்டிக் கொடுத்தார்! அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பதினாறு வருட அழுக்கில் எதுவும் அவளை அப்படிக் குமட்ட வைத்ததில்லை.

"அவர்கிட்ட எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறீங்க?" என்றாள். "அதை ஒட்டி ஒரு மணி நேரம்கூட ஆகல. நான்தான் ஒட்டினேன். ஓரத்தைக் கிள்ளிப் பாருங்க."

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல..." என்று முதலாளி ஆரம்பிப்பதற்குள் லிப்ட்காரர் கிள்ளிவிட்டார். ஸ்டிக்கர் முழுசாக உரிந்து கையோடு வந்தது.

"அப்ப பழசைப் பிச்சது யாரு?" என்று கேட்டாள் மனைவி.

"அதுவும் நான்தான்மா."

லிப்ட்காரர் முதலாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தார்.

"இந்த ஆளு பொய் சொல்லுவான்னு தெரியும்கா. அதனாலதான் அன்னிக்கு உங்களைக் கேட்டேன்."

வேலையை விட்டு இப்போதே போ என்று முதலாளி பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். அது அக்காவின் காதில் விழவே இல்லை.