மணலில் வைத்த புள்ளி

கடல் சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள் என்று, கண்டக்குழியில் எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்கு அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு மிஸ் வரைபடத்தோடு வந்தார். பழைய சட்டத்தை எழுதியவர்களுக்குக் கடலுக்குள் காற்றாலை நடுவார்கள் என்று தெரியுமா என்ன? இனி நடுவார்களாம். நட்டால் அதைச் சுற்றிப் படகு போகக்கூடாதாம்.

"நீங்க மீன் பிடிக்கிற இடத்துக்கெல்லாம் புள்ளி வையுங்கோ. அதைச் சட்டத்திலயே ஒதுக்கி வைப்பம்" என்றார்.

நல்ல மனுசி. பாவம், எங்களைத் தெரியாது.

எங்கே மீன் பட்டது என்று கேட்டால் எங்கள் கரையில் ஒருவனும் உண்மை சொல்லமாட்டான். வடக்கே போனவன் தெற்கே தாடையைக் காட்டுவான். நானும் லேசுப்பட்டவன் இல்லை. விளைமீன் அள்ளித் தருகிற ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எனக்கு இருந்தது. வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். பெண்சாதிக்குக்கூட அதைச் சொன்னதில்லை. அவளுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், அவருக்கும் படகு இருக்கிறது.

வெறும் மணல் கிடக்கும் ஓரிடத்தில் கம்பீரமாகப் புள்ளி வைத்தேன். பின்னால் நின்ற மச்சானும் மணலில்தான் வைத்தார். ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டோம்.

சில மாதத்தில் திருத்த வரைவு வந்தது. எங்கள் மணலெல்லாம் பத்திரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. காற்றாலைக்குக் குறித்த கட்டத்தின் நட்டநடுவில் என் பார். பொய் சொன்னது நான், கோபம் வந்தது சட்டத்தின்மேல்.

ஆட்சேபம் கேட்க அதே மண்டபத்தில் கடைசிக் கூட்டம் வைத்தார்கள். எழும்பினேன்.

"மிஸ், நான் வைச்ச புள்ளி பொய்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "அப்ப உண்மையான இடம் எது?" என்று மிஸ் கேட்டதும் சிரிப்பு நின்றது. ஊரே கழுத்தை நீட்டியது. மச்சான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். படகிலிருந்து கழற்றி வந்த ஜீ.பி.எஸ்ஸைப் பார்த்து இலக்கங்களை மெல்ல வாசித்தேன்.

"சத்தமா வாசியுங்கோ, எழுதவேணும்" என்றார் மிஸ். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தமாக வாசித்தேன்.

மிஸ் சொன்னபடி செய்தார். அடுத்த வரைவில் காற்றாலைக் கட்டம் தள்ளிப்போனது, என் பாரும் தப்பியது. ஆனால் அதுவரை பொறுத்திருக்க எங்கள் ஆட்களுக்கு என்ன விசரா? கூட்டம் முடிந்த மறுநாள் விடிய நான் போனபோதே அங்கே ஒன்பது படகு நின்றது. முதல் படகிலிருந்து மச்சான் கையை உயர்த்தினார்.

"வா மச்சான், இடமிருக்கு!"