ஜீப் பேட்டரியில ஓடுன கப்பல்

எங்க ஊர்ப் பொம்பளைங்க இன்னிக்கும் என்னைக் கிண்டல் பண்ணணும்னா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. "ஏனுங்க, இன்னிக்குக் கப்பல் இல்லீங்களா?" ரேஷன் கடை வரிசையில கேப்பாங்க, கோயில் பொங்கல்ல கேப்பாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சு வெப்பேன். ஊட்டுக்கு வந்து கதவைச் சாத்துனப்புறம் நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கும். அவங்களுக்கு அது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அவங்களுக்குத் தெரிஞ்சது பாதிதான்.

டிவி வந்த கதையை மொதல்ல சொல்லிடறேன். கல்யாணமான புதுசுல எனக்கு ஒரு பையன் பொறந்து, பொறந்த அன்னிக்கே போயிட்டான். வலி எடுத்தும் பஸ்ஸு வரட்டும் வரட்டும்னு ரோட்டோரத்துல உக்காந்திருந்தோம். மலைக்கு வர்ற பஸ்ஸு அன்னிக்கு வரவே இல்லை. லாரி ஒண்ணைப் புடிச்சுக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் கையை மீறிப்போச்சு. அதுக்கப்புறம் நான் நானா இல்லை. அடுப்புல சோறு கருகி ஊரெல்லாம் நாறுனாலும் எனக்குத் தெரியாது. எங்கூட்டுக்காரரு வாயில பேச்சே வராத மனுசன். பாவம், என்ன பண்றதுன்னு தெரியாம, அந்த வருசத்து மிளகை வித்த காசுல சின்னதா ஒரு கறுப்பு வெள்ளை டிவியை வாங்கியாந்து மூலையில வெச்சாரு. "இதைப் பாத்துட்டாச்சும் இரு கண்ணு"ன்னாரு.

டிவியைப் புடிச்சுக் குடுத்தது மிளகு பாய். அடிவாரத்து டவுன்ல கடை வெச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு பழைய ஜீப்பை எடுத்துட்டு மேல வந்து, பெரக்கரை நாடுன்னு சொல்ற எங்க மலைப் பக்கத்துல ஊரூராப் போய் மிளகு வாங்குவாரு. எங்கூட்டுக்கு மட்டும் சரியாப் பத்து மணிக்குத்தான் வருவாரு. ஏன்னா அப்பத்தான் வாராவாரம் தொடரா வர்ற கப்பல் படம், ஊர் ஜனமே எங்கூட்டு டிவி முன்னாடி கூடிரும்.

அது என்ன படம்னு எங்களுக்கு என்ன தெரியும்? பாய்மரக் கப்பல், பீரங்கி, தொப்பி போட்ட வெள்ளைக்காரங்க. அத்தனை பேரும் பேசுறது இந்தி! வெள்ளைக்காரன் இந்தியில பேசுவான், நாங்க தமிழ்ல பதில் சொல்லுவோம். எங்கள்ல பாதிப் பேரு கடலையே பாத்ததில்லை. அதுக்கென்ன, கேப்டன் ஒருத்தனைக் கட்டிவெச்சுச் சவுக்கால அடிச்சா எங்க கொழுந்தனார் சம்சாரம் "நாசமாப் போறவனே, உங்கையில புத்து வெக்க"ன்னு மண்ணை வாரித் தூத்துவா. புழு நெளியுற ரொட்டியைத் தட்டித் தட்டி அவங்க திங்கிறதைப் பாத்து, ஒரு மூட்டை குச்சிக்கிழங்கு அனுப்பிவெச்சா தேவலைன்னு பாய் வருத்தப்படுவாரு. எல்லாரும் வரிசையா நின்னு "ஹையா ஹோ"ன்னு கயிறு இழுப்பாங்க. அதைப் புடிச்சுக்கிட்டு எங்க ஊர்ப் புள்ளைங்க வாரம் முச்சூடும் மாட்டைக் கூட "ஹையா ஹோ"ன்னுதான் இழுத்துட்டு வரும்.

மறுபடியும் நான் முழுகாம இருந்தேன். "லேசா வலி தட்டுனாலே கெளம்பிரணும், மலை மேல உக்காந்து யோசிக்கக் கூடாது"ன்னு டாக்டரம்மா அடிச்சுச் சொல்லிட்டாங்க. எங்கூட்டுக்காரரு துணிமணி வெச்ச பையை ஆணியில மாட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமைன்னா பாய் ஜீப்பு, மத்த நாளுக்கு ஒரு லாரிக்காரர்னு பேசியும் வெச்சிருந்தாரு. காலையிலயும் சாயங்காலமும் ஒரே கேள்விதான். "வலி இருக்கா?" "இல்லீங்க." அதைக் கேட்டாத்தான் அவருக்குச் சோறு எறங்கும்.

அந்த வாரம் கப்பல்ல புயல். கம்பத்து உச்சியில ஏறுன ஒரு சின்னப் பையன் கால் வழுக்கி, ஒத்தைக் கயித்துல தொங்குறான். கீழ கடல் கொதிக்குது. அந்த எடத்துல நிறுத்திட்டானுங்க பாவிங்க! அந்த ஏழு நாளும் எனக்குத் தூக்கமே சரியில்லை. போதாக்குறைக்கு எங்க மலையிலயும் காத்தும் மழையும் புடிச்சுக்கிச்சு. எங்கயோ மரம் விழுந்து கரண்டு போச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வரலை.

பத்து மணிக்கு ஜனம் வந்து கூடிருச்சு. டிவி ஊமையா உக்காந்திருக்கு. அப்பத்தான் பாய் சொன்னாரு, இந்த டிவி ஜீப்பு பேட்டரியிலயும் ஓடும்னு. ஆனா ஒயரு எட்டலை. அவரு ஜீப்பை எப்பவும் மேல ரோட்டுல, எறக்கத்தைப் பாத்துத்தான் நிறுத்துவாரு. பேட்டரி அவ்வளவு பழசு. சாவியைத் திருப்பி எடுக்கலைன்னா அப்படியே உருட்டி விட்டு ஸ்டார்ட் பண்ணிக்குவாரு. எங்க மலையில வண்டி வெச்சிருக்குற எல்லாருமே அப்படித்தான், மேட்டைப் பாத்து வண்டியை நிறுத்த மாட்டாங்க. எங்கூடோ ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல இருக்கு.

"ஏனுங்க பாய், ஜீப்பை எங்க வாசலுக்கே எறக்கிருங்களேன்"னு கேட்டவ நான். வேற யாரும் இல்லை.

"எறக்கிரலாம் அம்மிணி, ஏத்தோணுமே"ன்னு தலையைச் சொறிஞ்சாரு.

"அரை மணி நேரந்தானுங்க."

அவருக்கும் அந்தப் பையன் என்ன ஆனான்னு தெரியோணும். எறக்கிட்டாரு.

படம் ஆரம்பிக்குது, எனக்கு அடிவயித்துல சுள்ளுனு ஒரு இழுப்பு. சூட்டு வலியா இருக்கும்னு நெனச்சேன். பொய் எதுக்கு? சூட்டு வலின்னு நெனச்சுக்க ஆசைப்பட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொண்ணு. இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் வாயைத் தொறந்தா ஒயரைப் புடுங்கணும், எல்லாரும் எந்திரிக்கணும், பையன் தொங்கிட்டே இருப்பான். இதைப் பாத்துட்டுச் சொல்லிக்கலாம்னு பல்லைக் கடிச்சேன். அந்தச் சமயத்துல, காத்துக்குச் சாஞ்ச மிளகுக் கொடியைக் கட்டிட்டிருந்த எங்கூட்டுக்காரரு காட்டுல இருந்து வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்தாரு. சட்டையெல்லாம் சேறு.

"வலி இருக்கா?"

"இல்லீங்க."

அவரு மூஞ்சியைக் கூட நான் பாக்கலை. சரின்னு திரும்பிப் போயிட்டாரு.

நான் பொம்பளையா? ஒரு புள்ளையைப் பறிகுடுத்தவ, யாரோ ஒரு வெள்ளைக்காரப் புள்ளைக்காக வயித்துல இருக்குறதை மறந்துட்டு உக்காந்திருந்தேன். கயித்தை எல்லாரும் இழுக்குறாங்க, பையன் கொஞ்சங் கொஞ்சமா மேல வர்றான், படம் சுருங்குது, மங்குது, நடுவுல ஒரு புள்ளியா நின்னு அணைஞ்சுபோச்சு. "அய்யோ!"ன்னு கூட்டம் கத்துச்சு. அதே நேரத்துல எனக்குப் பனிக்குடம் ஒடைஞ்சு உக்காந்திருந்த கோரைப்பாயெல்லாம் தண்ணி.

கொழுந்தனார் சம்சாரம் போட்ட சத்தத்துல ஊரே எந்திரிச்சிருச்சு. பை வந்துச்சு, என்னைத் தூக்கி ஜீப்புக்குப் பின்னாடி மிளகு மூட்டை மேல சாச்சாங்க. பாய் சாவியைத் திருப்புறாரு. 'டிக்'குன்னு ஒரு சத்தம். மறுபடியும் 'டிக்'. அவ்வளவுதான். இருந்த பேட்டரியை டிவியே குடிச்சிருச்சு. "ரோட்டுக்கு இழுத்தாத்தாங்க ஆகும்"னாரு.

மரம் இழுக்குற வடக்கயித்தை முன்னாடி கட்டி, ரோட்டுல நின்னு இழுத்தாங்க. மழை பேஞ்ச மண்ணு. ஒரு முழம் ஏறும், ரெண்டு முழம் வழுக்கும். அப்ப எந்தப் புள்ளையோ "ஹையா"ன்னுச்சு. "ஹோ"ன்னாங்க எல்லாரும். அப்புறம் நிக்கவே இல்லை. ஹையா ஹோ, ஹையா ஹோ! அந்தக் கலவரத்துலயும் சிரிக்குறாங்க. யாரையும் குத்தஞ் சொல்லலை, அவங்கதான் என்னைக் காப்பாத்துனவங்க. ஆனா உள்ள சேலைத் தலைப்பைக் கடிச்சுட்டுக் கெடந்த எனக்கு, ஒவ்வொரு ஹோவும் செருப்படி.

எங்கூட்டுக்காரரு காட்டுல இருந்து ஓடியாந்து பின்னாடி நின்னு தள்ளுனாரு. பின்பக்கம் கதவு இல்லாத ஜீப்பு. அவரு மூஞ்சியும் எம் மூஞ்சியும் எதிரெதிரா. அத்தனை பேருல அவரு ஒருத்தருதான் கத்தலை.

"எப்ப இருந்து?"

எனக்குப் பொய் வரலை. "படம் ஆரம்பிச்சதுல இருந்துங்க."

அவரு குனிஞ்சு தோளைக் குடுத்தாரு.

ரோட்டுக்கு ஏறுனதும் எறக்கத்துல உருண்டு ஜீப்பு புடிச்சுக்கிச்சு. அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் பாய் "யா அல்லா, யா அல்லா"ன்னுட்டே ஓட்டுனாரு. எங்கூட்டுக்காரரு எந் தலையை மடியில வெச்சுக்கிட்டு வெளியவே பாத்துட்டு வந்தாரு. ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்தா. கொடி கழுத்தைச் சுத்தி, நீலம் பாரிச்சு, அழுகையே இல்லை. நர்சம்மா தலைகீழாப் புடிச்சுத் தட்டித் தட்டி, ரொம்ப நேரங்கழிச்சுத்தான் பூனைக்குட்டி கணக்கா ஒரு சத்தம் வந்துச்சு. "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா"ன்னு ஆரம்பிச்ச அந்தம்மா, எம் மூஞ்சியைப் பாத்துட்டு மீதியைச் சொல்லலை.

புள்ளைக்குத் தெம்பு வர்ற வரைக்கும் அங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. எங்கூட்டுக்காரரு ஒரு சுடுசொல் சொல்லலை. காப்பி வாங்கியாருவாரு, துணி அலசிப் போடுவாரு. ஆனா "வலி இருக்கா?"ன்னு மட்டும் கேக்கலை. நர்சம்மாகிட்டப் போய்க் கேட்டுக்குவாரு. நாலு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் பாய் அவரு சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தாரு. அந்தம்மா கஞ்சி காச்சிக் கொண்டாந்திருந்தாங்க. அவங்க புள்ளையைக் கையில வாங்கி துவா ஓதுனாங்க. பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "எம் புத்தியைச் செருப்பால அடிக்கோணும் அம்மிணி"ன்னு ஆரம்பிச்சவரு, எனக்குக் கொஞ்சம் மனசு தேறட்டும்னு நெனச்சாரோ என்னவோ, கொரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"நேத்து எங்கூட்டு டிவியில பாத்தேன். அந்தப் பையனை இழுத்தாங்க பாருங்க..."

புள்ளையைத் திருப்பி வாங்கி மார்ல போட்டிருக்கேன். எல்லாம் பட்டு முடிச்சிருக்கேன். அப்படியும் எம் பாழாப்போன வாயில இருந்து வந்துச்சு:

"அப்புறம்?"

நிமிந்து பாத்தா வாசப்படியில எங்கூட்டுக்காரரு, கையில காப்பி பிளாஸ்க்கு. எத்தனை நேரமா நிக்குறாரோ. உள்ள வந்து பிளாஸ்க்கை எடம் பாத்து வெச்சாரு.

"சொல்லுங்க பாய்"னாரு. கோவமே இல்லாத கொரல். "முழுசாச் சொல்லிருங்க. பாதியில விட்டா அவ எந்திரிக்க மாட்டா."

பாய்க்கு மூஞ்சி செத்துப்போச்சு. இருந்தாலும் எனக்காகத் திக்கித் திக்கி முழுசாச் சொல்லி முடிச்சாரு. நான் புள்ளையோட உச்சந்தலையையே பாத்துட்டிருந்தேன். ஒரு வார்த்தை காதுல ஏறலை. அந்தப் பையனை மேல தூக்குனாங்களா, கடலோட போயிட்டானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.