டான்ஸ் மெஷினில் பக்கத்து நிரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது, அதுவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். முன்னே வரவேண்டியது பின்னே வரும். பெயர்கள் மறந்துபோகும். ஏரிப் பக்கம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காக ஒரு மலர் போடுகிறோம், கேம் கடையில் இருந்ததை நீங்கள் எழுதுங்கள் என்று வந்து கேட்டார்கள். மேடையேறிப் பேசச் சொல்லியிருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் ஒத்துக்கொண்டேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. சேர்ந்த நாள்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் பெருமாள்மலைக்குக் கீழே காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தேன். வலது தோள்பட்டை இறங்கிப்போய் மூட்டை தூக்க முடியாமல் ஆனதும் தோட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். கால் நன்றாக இருந்தது, தோள்தான் இல்லை. தோள் இல்லாத வேலை இந்த மலையில் எங்கே இருக்கிறது? கொடைக்கானலில் கேம் கடைக்குக் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்து நின்றேன்.

முதலாளி பெயர் பீட்டர். கடையில் கார் ஓட்டுகிற கேம் இரண்டு, துப்பாக்கி கேம் ஒன்று, நடுவில் பெரிதாக ஒரு டான்ஸ் மெஷின். பெட்டிக்கு முன்னால் இரும்பு மேடை. மேடையில் இரண்டு பேர் நிற்க இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கமும் முன்னே, பின்னே, இடது, வலது என்று நாலு அம்புக்குறிப் பலகை. பாட்டு ஓடும்போது திரையில் கீழேயிருந்து அம்புகள் மேலே ஏறி வரும். உச்சியைத் தொடுகிற நேரத்தில் அதே அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். தாளத்துக்குச் சரியாக மிதித்தால் மேலே இருக்கிற கோடு நிறையும். விட்டால் குறையும். கோடு காலியானால் ஆள் அவுட்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஈரத்துணியைப் பிழிந்து மேடையைத் துடைத்தேன். நான் கையை வைத்த இடமெல்லாம் விளக்கு எரிந்தது, திரையில் படங்கள் மாறின. திடீரென்று காது கிழிகிற சத்தத்தில் பாட்டு ஆரம்பித்தது. துணியை அங்கேயே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவிட்டேன்.

முதலாளி வாசலுக்கு வந்து சிரித்தார்.

"ஏங்க செல்லம்மா, பாட்ட செலெக்ட் பண்ணிவிட்டுட்டு நீங்கபாட்டுக்கு ஓடுனா யாருங்க ஆடுறது? வாங்க உள்ள. அது ஒண்ணும் கடிக்காது."

அதற்குப் பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காய்ந்த துணியால்தான் துடைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

2. ஏன் பாட்டு நிற்கவில்லை

ஒருவர் மட்டும் ஆடினால் கோடு காலியானதும் பாட்டு பட்டென்று நின்றுவிடும். இரண்டு பேர் ஆடினால் அப்படி இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சீசன் ஆனது.

சீசனில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் நிறைய வருவார்கள். குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் மேடையில் ஏறுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இரண்டு பேருடைய கண்ணும் திரையில்தான். அப்புறம் இது எப்படிச் சேர்ந்து ஆடுவதாகும் என்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். பாதியிலேயே ஒருவருடைய கோடு காலியாகிவிடும். அவர் சும்மா மிதித்துக்கொண்டே இருப்பார். பாட்டு மட்டும் நிற்காது.

கடையில் எந்த மெஷினும் எங்கள் முதலாளியுடையது இல்லை. மதுரை ஏஜென்ட் ஒருவர் வாடகைக்கு விட்டிருந்தார். அவர் சர்வீஸ் பார்க்க வந்தபோது, வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"ஐயா, ஒருத்தர் தோத்துப் போயிட்டாங்க. பெறகு ஏங்க பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு?"

"செட்டிங்கு அப்படிம்மா. ரெண்டு பேருல ஒருத்தர் விழாம நின்னாலும் பாட்டு ஓடும். ரெண்டு பேரும் விழுந்தாத்தான் நிக்கும்."

"ஏங்க அப்படி வச்சாங்க?"

"அதச் செஞ்சவனத்தான் கேக்கணும். ஸ்க்ரூ டிரைவர எடுங்க."

3. கேரட் லாரி

எங்கள் கடையில் நன்றாக ஆடுகிறவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை, டூரிஸ்ட்டும் இல்லை. கருப்பையா என்று ஒரு லாரி டிரைவர். மன்னவனூரில் கேரட் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். வழியில் எங்கள் கடைக்குச் சற்றுத் தள்ளி வண்டியைப் போட்டுவிட்டு டீ குடிக்க வருவார். தடித்த ஆள். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினால் வெறுங்காலில் பூப்போல மிதிப்பார்.

"எப்படித் தம்பி பழகுனீங்க?" என்று கேட்டேன்.

"கிளட்ச்சு, பிரேக்கு, ஆக்ஸிலேட்டரு. மூணு மிதிக்கிறவனுக்கு இது ஒண்ணு கூட. அவ்வளவுதாங்கக்கா."

மழைக்காலத்தில் மத்தியானமே மூடுபனி இறங்கி ரோடு தெரியாது. கடையில் ஒரு ஈ காக்கா இருக்காது. அப்படி ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பக்கம் சும்மாதானக்கா கெடக்கு. ஏறுங்க."

"அய்யோ, நான் மாட்டேன் தம்பி. யாராவது பாத்தா?"

"பனியில எம் மூஞ்சியே எனக்குத் தெரியல. உங்களை யாரு பாக்கப் போறா?"

முதலாளியும் ஏறச் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். இடது பக்கம் நான், வலது பக்கம் அவர். நாலு அம்பு வருவதற்குள் என் கோடு காலியானது. நான் இறங்கப் போனேன்.

"நில்லுங்கக்கா! நான் நிக்கிற வரைக்கும் பாட்டு உங்களுக்கும்தான் ஓடுது. மிதிங்க."

அப்படித்தான் பழகினேன். தோற்றுப்போனவள் முழுப் பாட்டுக்கும் மிதித்துப் பழகலாம். தனியாக ஆடியிருந்தால் முதல் நாளோடு விட்டிருப்பேன். போகப் போக லேசான பாட்டுகளில் என் கோடும் கடைசிவரை நின்றது. ஆனால் ஷட்டரைப் பாதி இறக்காமல் ஒரு நாளும் நான் ஏறியதில்லை.

4. மெஷினைத் தூக்கப் போகிறார்கள்

அந்த மழை முடிகிற நேரத்தில் முதலாளி முகம் சரியில்லை. என்னவென்று நானாகக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"ஏஜென்ட் போன் பண்ணாருங்க. டான்ஸ் மெஷின எடுத்துட்டுப் போறாராம். மதுரையில போட்டா தெனமும் கூட்டமாம், இங்க சீசனுக்கு மட்டுந்தான் ஓடுதாம். அது போயிட்டா கடைய வச்சு நான் என்ன செய்ய? மூடத்தான் வேணும்."

தோள் இல்லாத எனக்கு வேறு எந்த வாசலில் வேலை வைத்திருக்கிறார்கள்?

முதலாளி ஒரு யோசனை செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஜோடிப் போட்டி. இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும், பாட்டு முடிவில் மெஷின் காட்டுகிற இரண்டு பேர் மார்க்கையும் கூட்டிப் பார்ப்போம். அன்றைக்கு ஏஜென்ட்டையும் வரச் சொல்லிவிட்டார். கூட்டத்தை நேரில் பார்த்தால் மனம் மாறுவார் என்று நம்பிக்கை.

பெயர் கொடுத்தது மூன்று ஜோடி. கருப்பையாவும் அவருடைய கிளீனரும் ஒன்று. ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை செய்யும் வினோத் என்ற பையனும் அவன் கூட்டாளியும் ஒன்று. மூன்றாவது ஜோடி வரவே இல்லை.

5. அந்த ஞாயிறு

ஏஜென்ட் வெள்ளனே வந்துவிட்டார். கூடவே மினி லாரி, தூக்க நாலு ஆள், கயிறு. அதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

கூட்டம் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கடைக்காரர்கள், ஹோட்டல் பையன்கள், இரண்டு டூரிஸ்ட் குடும்பம். வினோத் ஜோடி ஆடி நல்ல மார்க் எடுத்தார்கள். அடுத்து ஆட வேண்டிய கருப்பையாவைக் காணோம். ஆட்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தபோது, நனைந்த சட்டையோடு ஓடி வந்தார். பூம்பாறைக்கு இந்தப் பக்கம் டயர் வெடித்து, மழையில் மாற்றிவிட்டு வந்திருக்கிறார்.

"கிளீனர் எங்கய்யா?" என்றார் முதலாளி.

"காய்ச்சல்ல நடுங்குறான். வண்டியில போர்த்திப் படுக்க வச்சிருக்கேன்."

"அப்ப ஜோடி?"

கருப்பையா என்னைப் பார்த்தார். முதலாளியும் என்னைப் பார்த்தார். நான் ஷட்டரைப் பார்த்தேன். அது முழுசாகத் திறந்திருந்தது.

"ஏலே, கூட்டுற அக்காவா ஆடப்போகுது?" என்று ஹோட்டல் பையன் ஒருவன் சிரித்தான். "தொடப்பத்தோட ஏறச் சொல்லுங்கடா!"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெளியே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் ஏறினேன், தைரியத்தில் ஏறவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. ஜனங்கள் என் முதுகைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் முதல் அம்புகளைத் தவறவிட்டேன். பிறகு கால் தானாகப் பிடித்துக்கொண்டது. பாதிப் பாட்டில் பக்கத்தில் "ஆ" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தால் கருப்பையா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மலை ரோடெல்லாம் கிளட்ச் மிதித்த இடது கால், மழையில் விறைத்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வலது காலால் முன்னே, பின்னே, வலது மூன்றையும் சமாளிக்கிறார். இடது அம்பு வரும்போதெல்லாம் விடுகிறார். அவருடைய கோடு மளமளவென்று இறங்குகிறது.

அப்போது நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். நிரை என்றால் செடி வரிசை. பக்கத்து நிரைக்காரிக்கு உடம்பு முடியாமல் பின்தங்கினால், நாங்கள் எங்கள் நிரையில் ஒரு கை, அவள் நிரையில் ஒரு கை என்று கொழுந்தைக் கிள்ளி அவள் கூடையில் போட்டு அவளை இழுத்துக்கொண்டு போவோம். கங்காணி சத்தம் போடுவதற்குள் வரிசை சமமாக வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. என் அம்மா செய்தாள், நானும் செய்தேன்.

கருப்பையாவின் இடது அம்பு என் வலது அம்பை ஒட்டித்தான் இருந்தது. திரையில் அவர் பக்கம் இடது அம்பு ஏறியது. என் வலது கால் எட்டிப்போய் அதை மிதித்தது.

மெஷின் ஏற்றுக்கொண்டது. அவர் கோடு கொஞ்சம் நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு நான் என் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. என் கோடு காலியானது. அது போகட்டும், அவர் நின்றால் பாட்டு நிற்காது என்று எனக்குத்தான் தெரியுமே. அவருடைய மூன்று அம்பு அவருக்கு, ஒரு அம்பு எனக்கு.

"அக்கா, இடது வருது! வெரசா, வெரசா!"

"நீங்க உங்கது பாருங்க தம்பி!"

பாட்டு முடிகிறவரை அவர் கோடு நின்றது. முடிந்ததும் வினோத் கத்தினான்.

"ஃபவுல்! இது எந்த ஊரு ரூலு சார்? அவங்க கால எப்படி இவருக்கு வைக்கலாம்?"

"மெஷினு ஒத்துக்கிச்சேப்பா" என்றார் டீக்கடைக்காரர்.

"மெஷினுக்குக் கண்ணா இருக்கு?"

கருப்பையா காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "ஃபவுலுதான்யா. பிரைஸ நீயே கொண்டுபோ. இந்தக் காலோட நான் முழுப் பாட்டும் நின்னுட்டேன்ல, எனக்கு அது போதும்."

பரிசு வினோத்துக்குத்தான் போனது. எங்கள் இரண்டு பேர் மார்க்கைக் கூட்டினாலும் அவர்களுக்குக் கிட்டே வராது.

நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன். போட்டியைக் கெடுத்துவிட்டேன், மெஷினை இன்றைக்கே ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்போது டூரிஸ்ட் குடும்பத்து அம்மா ஒருவர் தன் வீட்டுக்காரரை மேடைக்கு இழுத்தார்.

"ஏங்க, அவங்க ஆடுன மாதிரி ஆடுவோம். உங்க பக்கத்த ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்துவோம்."

இருவரும் ஒரே பக்கத்தை மிதிக்கப் போய் கால் சிக்கி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டது. அந்தக் கடையில் சேர்ந்து ஆடுகிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்ததை அன்றைக்குத்தான் நான் முதலில் கண்டேன். அடுத்து பக்கத்துக் கடைக்காரரும் அவர் மச்சானும் ஏறினார்கள். பிறகு என்னைக் கிண்டல் செய்த ஹோட்டல் பையன் வந்தான்.

"அக்கா, எங்கூட ஒரு ஆட்டம். தொடப்பம் வேணாம்" என்றான்.

இருட்டும்வரை மேடை சும்மா இருக்கவில்லை. ஏஜென்ட் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, ஓரத்தில் ஓடாமல் கிடந்த கார் கேமைக் காட்டினார்.

"வந்ததுக்கு அத ஏத்துங்கப்பா" என்றார்.

6. இளையவர்களுக்கு

அதற்குப் பிறகு எங்கள் கடையில் மட்டும் ஒருவர் பக்கத்தை இன்னொருவரும் மிதித்துக் காப்பாற்றுவதற்கு நிரை ஆட்டம் என்று பெயர். தோட்டத்துக் கதையை நான் சொல்லக் கேட்டுக் கருப்பையா வைத்தது. மெஷின் இன்னும் சில சீசன் இருந்தது. இப்போது அந்த இடத்தில் சாக்லேட் விற்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். கடைக்கு ஒரு சாமான் வந்தால் அது என்ன செய்யும் என்று ஏஜென்ட் சொல்லித் தருவார். அதில் இரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் சொல்ல மாட்டார். அதை நின்று பாருங்கள். புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருவர் விழாமல் நின்றால் பாட்டு நிற்காது என்று நான் முன்னமே கேட்டு வைத்திருக்காவிட்டால், அன்றைக்கு என் கோட்டை விட எனக்கு மனம் வந்திருக்காது.

அச்சுக்குப் போகும் முன் யாராவது சரி பாருங்கள். ஒருவர் விழுந்தாலும் பாட்டு ஓடுவது எல்லா டான்ஸ் மெஷினுக்கும் உண்டா, எங்கள் மெஷினில் மட்டும் வைத்த செட்டிங்கா, தெரியவில்லை. டயர் வெடித்தது பூம்பாறைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதும் சந்தேகம். கருப்பையா தம்பி இன்னும் ஒட்டன்சத்திரம் ரோட்டில் வண்டி ஓட்டுகிறார் என்று கேள்வி. யாராவது பார்த்தால் இதைப் படித்துக் காட்டி, பிடித்துக்கொண்டது இடது கால்தானா என்று கேட்டு எழுதுங்கள். நான் அன்றைக்கு அவர் காலைச் சரியாகப் பார்க்கவில்லை, அவர் அம்பைத்தான் பார்த்தேன்.